முதியோரின் நீர்ப்பயிற்சியில் இசை: வேகத்தைத் தண்ணீர் தீர்மானிக்கட்டும்

கேள்வி இதுதான்: அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு நெஞ்சளவு நீரில் உடற்பயிற்சி நடத்தும் ஒருவர், பயிற்சியின்போது இசையை ஒலிக்கவிடுவதால் உண்மையான பயன் உண்டா, அல்லது அது பொழுதுபோக்கு மட்டும்தானா என்று கேட்கிறார். பயன் உண்டென்றால் எந்த வேகத்தில், எவ்வளவு சத்தத்தில், எவ்வகை இசையைத் தேர்வது என்றும் அறிய விரும்புகிறார்.

பயன் உண்டு, ஆனால் அது பலரும் தேடும் இடத்தில் இல்லை. இசை முதியவரின் தசையையோ இதயத்தையோ நேரடியாக வலுப்படுத்துவதில்லை. அது உழைப்பை இனிதாக்குகிறது, களைப்பின் மீதிருக்கும் கவனத்தைச் சற்றே விலக்குகிறது, அதன் வழியாக ஒருவரை அடுத்த வாரமும் குளத்துக்கு வரச் செய்கிறது. இதைத் தவிர இன்னொன்றையும் அது செய்கிறது. அதைப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நீருக்குள் இசையின் வேகம் கூடினால் உடலின் மீதான சுமை அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கூடும். ஆகவே குளத்தங்கரையில் ஒரு பாட்டைத் தேர்வு செய்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, அன்றைய உழைப்பின் அளவையும் தேர்வு செய்துவிடுகிறார்.

முதலில், இசைக்கும் உடற்பயிற்சிக்குமான தொடர்பு எந்த அளவுக்கு உறுதியானது என்பதைப் பார்ப்போம். இந்த ஆர்வம் புதிதன்று. நியூயார்க்கில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில், வாத்தியக் குழு வாசிக்கும் நேரங்களில் வீரர்கள் கூடுதல் வேகத்தில் மிதித்ததை லெனார்ட் அயர்ஸ் என்பவர் 1911இலேயே பதிவு செய்திருக்கிறார். அதன்பின் சேர்ந்த ஆய்வுகளில் 139ஐத் தொகுத்து, ஆஸ்திரேலியாவின் பீட்டர் டெர்ரி, இங்கிலாந்தின் காஸ்டாஸ் கராஜோர்கிஸ் உள்ளிட்டோர் 2020இல் ஒரு பெரும் மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அதன்படி இசையின் வலுவான தாக்கம் மனநிலையின் மீதே விழுகிறது. விளைவின் அளவு 0.48. இத்தகைய கணக்கில் 0.2 என்பது சிறியது, 0.5 என்பது நடுத்தரமானது என்று கொள்வது வழக்கம். உடல் செயல்திறனுக்கு 0.31, களைப்பு உணர்வு குறைவதற்கு 0.22, ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கு 0.15 என்று படிப்படியாக அது இறங்குகிறது. இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தரையில் செய்யப்பட்டவை, பங்கேற்றவர்களில் இளையவர்கள் மிகுதி என்பதையும் சேர்த்தே இவ்வெண்களைப் படிக்க வேண்டும்.

களைப்பு ஏன் குறைவாகத் தோன்றுகிறது என்பதற்கான விளக்கம் எளிமையானது. மூளை ஒரே நேரத்தில் கையாளக்கூடிய தகவலுக்கு எல்லை உண்டு. மூச்சு வாங்குவதும் தொடை வலிப்பதும் அனுப்பும் செய்திகளோடு இசையும் போட்டியிடுகிறது. உழைப்பு மிதமாக இருக்கும்வரை இசை வெல்கிறது. மூச்சு இரைக்கத் தொடங்கி, பேச முடியாத நிலையை எட்டிவிட்டால் உடலின் செய்திகளே முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்கின்றன. அப்போது எந்தப் பாட்டும் களைப்பைக் குறைத்துக் காட்டாது. முதியோரின் நீர்ப்பயிற்சி பெரும்பாலும் மிதமான எல்லைக்குள்ளேயே நடப்பதால் இசைக்கு இங்கே நல்ல இடம் இருக்கிறது. மனநிலையில் ஏற்படும் அந்த மாற்றத்தைச் சிறிது என்று ஒதுக்குவதும் சரியல்ல. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு நீர்ப்பயிற்சியால் வலியிலும் இயக்கத்திலும் கிடைக்கும் பலன் சிறிய அளவிலானது, குறுகிய காலத்துக்கானது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வு, 13 சோதனைகளின் அடிப்படையில் கூறுகிறது. இப்படிப்பட்ட பலன் தொடர்ந்து வருபவருக்கே நிலைக்கும். முதியவர் ஒருவர் மூன்றாவது மாதத்திலும் வருகிறாரா என்பதே இங்கே பெரிய கேள்வி. இசை அதற்கு உதவுகிறதென்றால் அந்த உதவி போதுமானது என்பது என் கருத்து.

இனி நீருக்குள் வருவோம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்குகின்றன. நெஞ்சளவில் அது மூன்றில் ஒரு பங்காகவும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்காகவும் குறைகிறது. முழங்கால் தேய்ந்தவர்கள் தரையில் செய்ய முடியாததை நீரில் செய்ய முடிவது இதனால்தான். அதே வேளையில் நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளுகிறது. கழுத்தளவு நீரில் அமிழ்ந்தவருக்கு ஏறத்தாழ 700 மில்லி ரத்தம் இப்படி இடம் மாறுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை வெளியேற்றுவதால், அதே உழைப்புக்குத் தரையில் காண்பதைவிட நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து துடிப்புகள் குறைவாகவே பெரும்பாலும் காட்டும். ரத்த அழுத்தத்துக்காக, இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களிடம் இது மேலும் குறையும். எனவே நாடியை மட்டும் எண்ணிப் பார்த்து "இவருக்கு உழைப்பு போதவில்லை" என்று முடிவு செய்து இசையை முடுக்குவது ஆபத்தான பழக்கம். களைப்பை அவர்களிடமே கேட்பதுதான் நம்பத்தக்க வழி. சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த, 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்ச உழைப்பு) வரையிலான களைப்பு அளவுகோல் இதற்கு ஏற்றது. பெரும்பாலான முதியோருக்கு 11க்கும் 13க்கும் இடையில் நிற்பது நல்லது. ஆனால் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. களைப்பைக் குறைத்து உணரச் செய்வதே இசையின் வேலை என்பதால், பாட்டு உச்சத்தில் ஒலிக்கும்போது கேட்டால் எண் சற்றுக் குறைவாகவே வரும். இசையை நிறுத்திவிட்டு, அரை நிமிடம் கழித்துக் கேட்பதே முறை.

வேகத்துக்கும் சுமைக்கும் உள்ள உறவே இந்தப் பதிலின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு. கையை நீருக்குள் வீசும்போது ஏற்படும் தடை, வேகத்தின் இருமடிப்பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகிறது. அந்தத் தடையை வென்று நகரத் தேவைப்படும் ஆற்றல் வீதமோ மும்மடிப்பெருக்கத்துக்கு ஏற்ப எட்டு மடங்காகிறது. நிமிடத்துக்கு 100 பீட் (தாளத்தின் அடி) உள்ள பாட்டுக்குப் பதிலாக 120 பீட் உள்ள பாட்டை வைத்துவிட்டு, கை அதே தூரம் வீச வேண்டும் என்று எதிர்பார்த்தால், வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். தடை 44 விழுக்காடும், தேவைப்படும் ஆற்றல் வீதம் 73 விழுக்காடும் கூடிவிடும். தரையில் கையை வீசுபவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. எழுபத்தைந்து வயதுக்காரரின் தோள்பட்டைக்கு நீருக்குள் அது நன்றாகவே தெரியும்.

அப்படிப்பட்டவர் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் முறையிட மாட்டார்கள், அசைவைச் சுருக்கிக்கொள்வார்கள். முழு வீச்சில் போக வேண்டிய கை பாதி தூரத்தில் திரும்பிவிடும், இடுப்பு உயரம் வர வேண்டிய முழங்கால் அதற்கு வெகு கீழே நின்றுவிடும், உடல் முன்னே சாயும், உள்ளங்கை நீரைத் தள்ளுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் திரும்பி நீரை வெட்டும். தாளத்தோடு ஒத்துப்போகிறார் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் மூட்டு இயங்க வேண்டிய எல்லைக்கு இயங்கவில்லை, தசையும் உழைக்கவில்லை. குளத்தங்கரையில் நின்று காட்டும் பயிற்றுநர் காற்றில் அசைகிறார் என்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. அவருடைய கை எளிதாக எட்டும் வேகம் நீருக்குள் இருப்பவருக்கு எட்டாதது. அவரே மாதத்துக்கு ஒருமுறையாவது நீரில் இறங்கி, தாம் தேர்ந்த பாட்டுக்கு முழு வீச்சில் அசைந்து பார்ப்பது நல்லது. எந்த அட்டவணையையும்விட இது தெளிவாக உண்மையைச் சொல்லிவிடும்.

இதற்கான தீர்வை நீர்ப்பயிற்சி வல்லுநர்கள் பல காலமாகவே கையாண்டு வருகிறார்கள். ஆழம் குறைந்த நீரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 முதல் 150 பீட் வரையுள்ள இசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பீட்டுக்கும் அசையாமல் இரண்டு பீட்டுக்கு ஒருமுறை அசைவதே அந்த முறை. நம் இசை மரபின் சொல்லில் சொன்னால், தாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலைக் கீழ்க்காலத்தில் நடத்துவது. பாட்டின் துள்ளலும் உற்சாகமும் குறைவதில்லை; அசைவுக்கோ இரு மடங்கு நேரம் கிடைக்கிறது. முதியோர் குழுவுக்கு நான் இன்னும் தாழ்த்தி, 100 முதல் 125 வரையுள்ள பாட்டை எடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஐம்பது, அறுபது அசைவுகளில் நிறுத்துவதையே விரும்புவேன். ஒரு குழுவில் உயரமானவரும் குட்டையானவரும் இருப்பார்கள். நீளமான கை உள்ளவருக்கு அதே கோணத்தை அதே நேரத்தில் கடக்க விரல் நுனி வேகமாகப் போக வேண்டும் என்பதால் அவருக்குத் தடையும் அதிகம். ஆகவே எல்லோரும் ஒரே பீட்டில் இறங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், "முழு வீச்சில் போங்கள், பீட் தவறினாலும் பரவாயில்லை" என்று அடிக்கடி சொல்ல வேண்டும். வீச்சும் தாளமும் முரண்பட்டால் விட்டுக்கொடுக்க வேண்டியது தாளம்தான்.

திசை மாறும் இடங்களுக்குத் தனிக் கவனம் தேவை. முன்னோக்கி நடக்கும் குழுவின் பின்னால் நீரும் இழுபட்டு வருகிறது; திடீரென்று பின்னோக்கித் திரும்பினால் அந்த ஓட்டத்தையே எதிர்த்து நடக்க வேண்டியிருக்கும். வலுவுள்ளவர்களுக்கு இது நல்ல பயிற்சி, சமநிலை குன்றியவர்களுக்குத் தடுமாற்றம். பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் திருப்பத்தை வைத்து, நான்கு பீட்டாவது நின்ற இடத்திலேயே அசையவிட்டுப் பிறகு திரும்பச் சொன்னால் இசையே முன்னறிவிப்பாகிவிடுகிறது. அடுத்து என்ன வரப்போகிறது என்று காது முன்கூட்டியே அறிந்துகொள்வதுதான் தாளத்தின் மிகப்பெரிய உதவி.

இந்த முன்னறிவிப்புப் பண்பு குறித்துத் தரையில் நடந்த ஆய்வுகள் ஊக்கமளிப்பவை. பார்க்கின்சன் நோயுள்ளவர்கள் சீரான தாளத்துக்கு நடந்து பயிலும்போது நடையின் வேகமும் அடியின் நீளமும் கூடுவதை மைக்கேல் தௌட்டும் அவருடைய குழுவினரும் 1996இல் காட்டினார்கள். ஜெனீவாவில் 65 வயதைக் கடந்த 134 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இன்னும் நெருக்கமானது. சுவிட்சர்லாந்து இசை ஆசிரியர் எமில் ஜாக்-டால்குரோஸ் உருவாக்கிய முறைப்படி, பியானோ வாசிப்பின் மாற்றங்களுக்கு ஏற்ப நடையை மாற்றும் வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஆறு மாதம் பயின்றவர்களிடம் நடை சீரானது, கீழே விழுவதும் குறைந்தது. அங்கே இசை பின்னணியில் ஒலித்துக்கொண்டிருக்கவில்லை. அதைக் கவனித்து, அதற்கு ஏற்ப உடலை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நீருக்குள்ளும் இதைச் செய்யலாம்: இசை நின்றால் ஒற்றைக் காலில் நில், மெதுவானால் பெரிய அடி வை, உரத்து ஒலித்தால் திரும்பு என்பது போன்ற எளிய விதிகள் போதும். நீர் தாங்கிக்கொள்வதால் தடுமாறினாலும் காயமில்லை என்பது இங்கே கூடுதல் வசதி. ஆனால் நீரில் நடை மெதுவாகவும், பாதத்தின் மீது எடை குறைவாகவும் இருப்பதால் தரை நடைக்கான பயிற்சிக்கு இது முழு மாற்றாகாது. குளத்துக்கு வெளியேயும் கொஞ்சம் நடக்கத்தான் வேண்டும்.

சத்தத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதைப் பலரும் ரசனை சார்ந்ததாக எண்ணுகிறார்கள். உண்மையில் இது பாதுகாப்பு சார்ந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு காது மந்தம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதுமையில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள். ச, ட, த, ப போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவுபவை அவையே. போதாக்குறைக்குக் குளத்தில் இறங்கும் முன் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். உள்ளரங்கக் குளங்களின் ஓடு பதித்த சுவர்களும் நீரின் மேற்பரப்பும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால் எதிரொலி சில நொடிகள் நீடிக்கிறது. இந்த நிலையில் இசையை உயர்த்தினால் பயிற்றுநர் கத்த வேண்டியிருக்கும், கத்தலும் இசையும் எதிரொலியும் கலந்து ஒரே இரைச்சலாகும். முதியவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அசைவார்கள், இல்லையென்றால் சும்மா நிற்பார்கள். கற்றுக்கொள்ளத் தெரியவில்லை என்று அவர்களைக் குறை சொல்வது கேட்டிருக்கிறேன். பல சமயம் அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதே உண்மை.

ஆகவே இசை, பேச்சுக்குத் தெளிவாகக் கீழே நிற்க வேண்டும். குளத்தின் மறுமுனையில் நிற்பவர் சாதாரணக் குரலில் சொல்லப்பட்ட ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று சோதித்தால் போதும். ஒரு மூலையில் ஒரே பெரிய ஸ்பீக்கரை வைத்து முழங்கவிடுவதைவிட, இரண்டு மூன்று சிறியவற்றைக் குறைந்த ஒலியில் பரவலாக வைப்பது மேல். கீழ்ச்சுரங்களை மிகையாக முழக்கும் அமைப்பைக் குறைத்துவிட வேண்டும். அவைதான் பேச்சை மூழ்கடிக்கின்றன. அறிவுறுத்தும் சொற்களை இசைக்கு நடுவே திணிக்காமல், பயிற்சி மாறும்போது ஒலியைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் பிறகு உயர்த்துவதும், ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கைச்சைகையை வழக்கமாக்கிக்கொள்வதும் பெரிதும் உதவும். உயிர்காப்பாளரின் விசில் எந்தப் பாட்டுக்கும் நடுவே கேட்க வேண்டும். ஸ்பீக்கர் மின்கலத்தில் இயங்குவதாக இருக்கட்டும். குளத்தருகே மின்கம்பி இழுப்பதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

இடையே ஒரு சிறு குறிப்பு. மல்லாந்து மிதக்கும் பயிற்சிக்கு இனிய இசையைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் நுழைகிறது; மிதப்பவரின் காதோ நீருக்குள் இருக்கிறது. அவர்களுக்கு அந்த இசை அநேகமாகக் கேட்பதே இல்லை. நீச்சலுக்கென்று விற்கும், மண்டை எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் ஹெட்ஃபோன்கள் தனியாக நீந்துபவர்களுக்குப் பொருந்தும் (புளூடூத் அலையை நீர் விழுங்கிவிடுவதால் பாட்டை அந்தக் கருவியிலேயே சேமித்துவைக்க வேண்டியிருக்கும்). குழுப் பயிற்சியில் இருக்கும் முதியவருக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். சக மனிதரின் பேச்சிலிருந்தும் எச்சரிக்கையிலிருந்தும் அவை அவரைத் துண்டித்துவிடுகின்றன.

எந்த இசை என்பதில் நீண்ட விவாதத்துக்கு இடமில்லை. மனிதர்கள் தம் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாடல்களை வாழ்நாள் முழுதும் ஆழமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். எனவே எழுபத்தைந்து வயதுக்காரர்கள் நிறைந்த குழுவுக்குப் பயிற்றுநரின் இளமைக்காலப் பாடல்கள் பொருந்தா. அவர்களிடமே கேட்டுப் பட்டியல் தயாரியுங்கள். யாரையும் துயரமான நினைவுக்குள் தள்ளும் பாட்டு இருந்தால் அதை மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். பழகிய பாட்டுக்கு இன்னொரு நன்மை உண்டு: அவர்கள் கூடவே பாடுவார்கள். பாட முடிகிறதென்றால் மூச்சு இன்னும் கைவசம் இருக்கிறது என்று பொருள். நெஞ்சளவு நீரின் அழுத்தம் மூச்சுவிடுவதையே சற்றுக் கடினமாக்குவதால் இந்த அடையாளம் பயனுள்ளது. பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டால் அவர் பக்கம் ஒரு பார்வை போக வேண்டும்.

மௌனத்துக்கும் பங்கு உண்டு. இத்தாலியில் 24 இளையவர்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வில், வேகமான இசை மூச்சையும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது; நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில் துடிப்பும் அழுத்தமும் இசை தொடங்கும் முன்பிருந்த நிலைக்கும் கீழே இறங்கின. அவர்கள் உட்கார்ந்து கேட்டவர்கள், நீரில் அசைந்தவர்கள் அல்லர். ஆயினும் இடைவெளியில்லாமல் ஒரு மணி நேரம் இசையை ஓடவிடுவதற்கு எதிராக யோசிக்க இது ஒரு காரணம். புதிய அசைவைக் கற்பிக்கும்போது, சமநிலைப் பயிற்சியின் கடினமான பகுதியில், நினைவு மங்கிவரும் ஒருவருக்கு நிதானமாக விளக்கும்போது இசையை நிறுத்திவிடுவதே சரி. ஒரே நேரத்தில் கேட்பதும் கற்பதும் நிலைகுலையாமல் நிற்பதும் அவர்களிடம் அதிகமாகக் கேட்பதாகும்.

பயிற்சியின் முடிவில் பலர் செய்யும் ஒரு தவறு உண்டு: மிக உற்சாகமான பாட்டைக் கடைசிக்கு வைத்து, அது முடிந்த கையோடு எல்லோரையும் வெளியேறச் சொல்வது. நீரில் இருந்தவரை நெஞ்சை நோக்கித் தள்ளப்பட்டிருந்த ரத்தம், ஏணியில் ஏறி வெளியே வந்ததும் கால்களுக்கு இறங்குகிறது. தலைசுற்றலும் மயக்கமும் வரும் நேரம் அதுதான். கடைசி எட்டு, பத்து நிமிடங்களில் வேகத்தைப் படிப்படியாகத் தாழ்த்தி, இறுதிப் பாட்டு தாளத்தை முன்னிறுத்தாத மெல்லிய இசையாக இருந்து, அது ஒலிக்கும்போதே ஒவ்வொருவராக, அவசரமின்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறட்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவை உள்ளவர்கள் இதற்கெல்லாம் முன்பே மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் குழுவுக்கு இசை உதவுகிறதா என்பதை நீங்களே கண்டறியலாம். ஒரே பயிற்சித் தொகுப்பைச் சில வகுப்புகளில் இசையோடும், சில வகுப்புகளில் இசையின்றியும் நடத்துங்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், இசை நின்ற பிறகு, போர்க் அளவுகோலில் ஓர் எண்ணையும், "இன்று எவ்வளவு இனிமையாக இருந்தது" என்பதற்குப் பத்துக்கு ஓர் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் எந்த உயரம்வரை வருகிறது, கை முழு வீச்சை எட்டுகிறதா என்பதையும் கரையிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். இனிமை கூடி, வீச்சு குறையாமல் இருந்தால் பாட்டும் வேகமும் சரி. இனிமை கூடினாலும் வீச்சு சுருங்கினால் பாட்டை வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு பீட்டுக்கு ஓர் அசைவு என்பதை நான்கு பீட்டுக்கு ஒன்றாக்குங்கள். இரண்டுமே மாறவில்லையென்றால், அந்தக் குழுவுக்கு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே பயில்வதுதான் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை வீட்டிலேயே விட்டுவரலாம்.